புறப்பட மறுக்கும் கார்

வேலணையிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம், இவ்வாரம் நாம் எழுத எண்ணியிருந்த விஷயத்தைப் பின்தள்ளிவிட்டு முன்னே வந்து அமர்ந்துகொண்டது. கடிதத்தின் சாரம் இது: "எங்கள் வீட்டில் அப்பப்பாவின் காலத்து ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் ஒன்று உண்டு. சோளகம் வீசும் காலத்தில் சொன்ன சொல் கேட்டு ஓடுகிறது. கார்த்திகை மாரி தொடங்கிவிட்டால் காலையில் ஸ்ராட் வருவதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளினாலும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். மத்தியானம் வெயில் எறித்தால் ஒன்றும் நடவாததுபோல ஓடும். அம்மா, காரிலே ஏதோ குடிகொண்டிருக்கிறது என்கிறார். அப்பா விற்றுவிடலாம் என்கிறார். விற்பதற்கு முன் தங்களைக் கேட்டுவிடலாமென்று எழுதுகிறேன்."

விற்கவேண்டாம் தம்பி. அம்மா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காரிலே குடிகொண்டிருப்பது உப்பு.

இதை இவ்வளவு துணிவுடன் எழுதுவதற்குக் காரணம் படித்த விஞ்ஞானம் மட்டுமன்று, பட்ட அவமானமுங்கூட. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு, புங்குடுதீவில் எமது உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. நள்ளிரவு தாண்டிவிட்டது, அயலிலே நின்ற ஒரே வாகனம் எமது பழைய மொறிஸ் மைனர்தான். குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை வைத்தியசாலையை நோக்கிப் புறப்பட்டோம். வேலணைக்குச் செல்லும் கடற்பாலத்தின் நடுவிலே, இருபுறமும் அலை வந்து கல்லில் மோதித் துமிகள் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், யந்திரம் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுவிட்டது.

ரோர்ச் வெளிச்சத்திலே மூடியைத் திறந்தோம். பெற்றோல் வரவில்லையென்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். ஏன் அப்படித் தீர்மானித்தோம் என்று இன்று கேட்டால் விடையில்லை. குழாயைக் கழற்றினோம், ஊதினோம், மறுபடி பூட்டினோம். அரைமணி நேரம் போயிற்று. பின்னிருக்கையிலே குழந்தையின் மூச்சு விசிலடிப்பது எமக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசாதிருந்ததுதான் பெரிய தண்டனை. தெய்வாதீனமாக மீன் ஏற்றும் வான் ஒன்று அவ்வழியே வந்தது. அதன் சாரதி எம்மை ஒரு கேள்வியும் கேளாமல் குழந்தையையும் தாயையும் ஏற்றிச் சென்றார். குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மறுநாட்காலை முதிய மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவரிடம் ஆயுதப்பெட்டி இருக்கவில்லை; சறத்தின் மடிப்பிலே ஒரு பழைய துணி மாத்திரம் இருந்தது. நாம் இரவு செய்தவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்டர், பைப்பைக் கழட்டி ஊதினனியள். சரி. இந்த மூடியைக் கழட்டித் துடைச்சனியளோ?"

"இல்லை ஐயா."

"அப்ப என்னத்தைப் பாத்தனியள்?"

டிஸ்ரிபியூட்டரின் கறுப்பு மூடியை இரண்டு கிளிப்புகளையும் தட்டிக் கழற்றினார். உள்ளும் புறமும் துணியால் துடைத்தார். தடித்த வயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூடியைப் பூட்டினார். கார் ஒரே சுற்றில் ஸ்ராட் வந்தது. எல்லாமாக நான்கு நிமிடம். கூலி வாங்க மறுத்துவிட்டு, தேநீரை மாத்திரம் குடித்துச் சென்றார். வகுப்பறையிலே மின்கடத்திகளைப் பற்றி ஆண்டுதோறும் போதிப்பவர்கள் நாம்!

நடந்தது என்னவென்று விளக்குவோம். பெற்றோல் யந்திரம் ஓடுவதற்கு நான்கு வேண்டும்: எரிபொருள், காற்று, தகுந்த கணத்தில் தீப்பொறி, உருளைக்குள்ளே போதிய அமுக்கம். இவற்றிலே தீப்பொறியை உண்டாக்கும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தமுடையது. அவ்வளவு அழுத்தமுடைய மின்சாரம் மிகச் சிறிய வழி கிடைத்தாலும் குறுக்கே ஓடிவிடும். தூய மழைநீர் ஓரளவு மின்னைத் தடுக்கும். உப்புக் கலந்த ஈரமோ நல்ல கடத்தி. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பிலே கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு, 33 அளவிலேயே அதைச் செய்துவிடும். மாரியிலே குசினியில் உப்புச் சட்டி கசிவதைக் காணாத வீடு எமது தீவுகளில் உண்டோ? அதே கசிவுதான் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் நிகழ்கிறது. சோளகக் காலம் முழுவதும் காற்றோடு வந்து படிந்த உப்புத்தூள் வரட்சியில் யாருக்கும் தீங்கு செய்யாது படுத்திருக்கும். வாடையும் மழையும் வந்ததும் நீரை உறிஞ்சி உயிர்பெறும். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் மூடியின் மேற்பரப்பு வழியாகவே யந்திரத்தின் உடலுக்கு ஓடிவிடும். வெயில் எறித்து ஈரம் உலர்ந்ததும் கார் ஓடும். வேலணை மாணவரின் காரிலே நிகழ்வது இதுவேயென்று நாம் பெரும்பாலும் உறுதியாகச் சொல்வோம்.

ஆகவே தம்பி, நாளைக் காலை சாவியைத் திருப்புவதற்கு முன் அந்த மூடியைக் கழற்றும். வயர்கள் எந்தத் துளையில் எந்த உருளைக்கு என்பதைக் கடதாசியில் வரைந்துகொள்ளாமல் ஒன்றையும் இழுக்கவேண்டாம். அக்காரில் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகும். மாறிப் பூட்டினால் காபரேற்றர் வழியாக வெடிச்சத்தம் கேட்கும். துடைத்தபின் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்திலே பாரும். தலைமயிர் போன்ற கருங்கோடு ஒன்று இரு முனைகளுக்கிடையே ஓடியிருந்தால், அது மின்சாரம் எரித்துப் போட்ட பாதை. அப்படியானால் துடைப்பதிற் பயனில்லை, மூடியை மாற்றவேண்டும். மூடிக்குக் கீழேயுள்ள போயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அளக்கும் தகடு கையில் இல்லாதபோது பழைய சாரதிகள் விசிற்றிங் கார்ட் மட்டையை நுழைத்துப் பார்ப்பார்கள். எமக்கு ஆண்டுதோறும் வரும் கலியாண அழைப்பிதழ்களுக்கு இவ்வகையில் ஒரு பிரயோசனம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

இனி, மூடியைத் துடைத்தும் கார் அசையாவிட்டால்? அப்போது எம்மைப் போல ஊகத்தில் இறங்காமல் ஒழுங்காகச் சோதிக்கவேண்டும். நோயாளியைக் கண்டதும் மருந்தெழுதுகிற வைத்தியரை நாம் நம்புவதில்லையே.

முதலிலே காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை இயக்கிப் பாருங்கள். விளக்கு மங்கி அணைந்துபோனால் பற்றறி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் தொடுப்புச் சரியில்லை. விளக்குப் பிரகாசமாகவே எரிய யந்திரம் மாத்திரம் அசையாவிட்டால் பிழை ஸ்ராட்டரில் அல்லது அதன் சுவிச்சில். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் ஸ்ராட்டரின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்திலே கடித்துக்கொண்டு நின்றுவிடுவதுமுண்டு. அப்போது சாவியை நிறுத்தி, கடைசிக் கியரைப் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டினால் கடி விட்டுவிடும். இதை ஊரிலுள்ள சிறுவர்களெல்லாம் அறிவார்கள். ஏன் என்றுமட்டும் அறியார்கள்.

எமது பகுதியிலே பற்றறி இறப்பதைவிடப் பற்றறி முனைகள் உப்பும் அமிலமும் சேர்ந்து பூப்பதுதான் அதிகம். பச்சையும் வெள்ளையுமான அந்தப் பூவைச் சுடுநீரிலே அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். சோடாநீர் பற்றறியின் உள்ளே போகாதபடி மூடிகள் இறுகியிருக்கவேண்டும். பின்பு அரத்தாளால் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் பூசிவிடவேண்டும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றறி 12.6 வோல்ற்றளவு காட்டும்; 12 வோல்ற்றுக்கு வந்துவிட்டால் அது ஏறக்குறைய வெறுமை. யந்திரம் ஓடும்போது இப்போதைய கார்களில் 14 வோல்ற்றளவு ஏறாவிட்டால் பற்றறியைக் குறைகூறுவதில் நியாயமில்லை. அதற்கு உணவூட்டவேண்டியவர் பட்டினி போடுகிறார்.

இங்கே ஓர் அபாயத்தை விரித்துச் சொல்லவேண்டும். அந்நாளைய பிரித்தானியக் கார்களுக்கும் இக்காலக் கார்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடுண்டு. பழைய ஒஸ்ரினிலும் மொறிஸிலும் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் மறைமுனை. இரண்டையும் பக்கத்திலே நிறுத்தி ஒன்றிலிருந்து மற்றதற்கு வயர் கொடுத்து ஸ்ராட் எடுப்பவர்கள், நேர்முனையை நேர்முனைக்கும் மறைமுனையை மறைமுனைக்கும் பூட்டிவிட்டால் எல்லாம் சரியென்று எண்ணுகிறார்கள். அது சரிதான், ஆனால் அவ்வேளையில் ஒரு காரின் உடல் முழுவதும் நேர்முனை, மற்றக் காரின் உடல் முழுவதும் மறைமுனை. இரண்டின் பம்பர்களும் ஒன்றையொன்று தொட்டால் பற்றறிகள் நேரே குறுஞ்சுற்றாகிவிடும். வயர் உருகும், பற்றறியும் வெடிக்கலாம். ஆகவே கார்களுக்கிடையே ஓர் ஆள் நடக்கக்கூடிய இடைவெளி இருக்கவேண்டும்.

அத்தோடு முடியவில்லை. புதுக் காரின் புத்தகத்திலே, "கடைசியாகக் கறுப்பு வயரை இறங்கிய காரின் யந்திர இரும்பிலே கவ்வுக" என்று எழுதியிருக்கும். பற்றறியிலிருந்து கிளம்பும் ஐதரசன் வாயுவுக்கு அருகே பொறி பறக்காதிருப்பதற்கான நல்ல யோசனை அது. இறங்கிக் கிடப்பது பழைய ஒஸ்ரின் என்றால் அதே யோசனை தீங்காகிவிடும். அதன் இரும்பு நேர்முனையல்லவா? அங்கே கறுப்பு வயரை அதன் பற்றறியின் மறைமுனைக்கு நேரே கொடுத்து, கடைசியாகச் சிவப்பு வயரைத்தான் யந்திர இரும்பிலே கவ்வவேண்டும். சிலர் தமது பழைய காரின் தொடுப்பைப் பிற்காலத்தில் மாற்றியும் வைத்திருக்கிறார்கள். எந்த முனையிலிருந்து உடலுக்குத் தடித்த பட்டை போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் பூட்டவேண்டாம். பற்றறியைக் கழற்றும்போதும் உடலோடு தொடுத்த முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியிற் பூட்டுவதுதான் முறை.

பற்றறி நன்று, தீப்பொறியும் உண்டென்றால் அடுத்தது பெற்றோல். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு பாக்கியம். அதன் எஸ்.யூ. மின்பம்ப் பேசும். சாவியைத் திருப்பியதும் "டிக் டிக்" என்று விரைவாக அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். ஓயாமல் அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. ஒரு சத்தமும் இல்லாவிட்டால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டினால் பலமுறை விழித்துக்கொள்ளும். தட்டுவதென்றால் தட்டுவது, அடிப்பதன்று. அன்றிரவு கடற்பாலத்திலே எமது பம்ப் ஒழுங்காக அடித்து ஓய்ந்திருக்கவேண்டும். அதைக் கேட்டிருந்தாலே பெற்றோலைச் சந்தேகித்திருக்கமாட்டோம். காற்றின் இரைச்சலைச் சாட்டாகச் சொல்லலாம்; ஆனால் நாம் கேட்க நினைக்கவேயில்லை என்பதுதான் உண்மை.

பிளக்கைக் கழற்றினால் அது தன் கதையை நிறத்தால் சொல்லும். பால்விட்ட கோப்பியின் நிறமென்றால் சுகம். வரண்ட கரியென்றால் பெற்றோல் மிகுதி அல்லது காற்றுவடி அடைத்துவிட்டது. எண்ணெய்ப் பசையுள்ள கரியென்றால் யந்திரத்தின் உள்ளே தேய்மானம். வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது சூடு மிகுதி. பெற்றோலில் நனைந்திருந்தால் சோக்கை மிகுதியாக இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். சோக்கை உள்ளே தள்ளி, காலாற் பெற்றோல் கட்டையை முழுவதும் அமுக்கிக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றவேண்டும். பெற்றோல் மணக்கும் இடத்தில் தீப்பொறி சோதிக்கவேண்டாம் என்று தனியே சொல்லவேண்டுமோ? சொல்லிவிடுகிறோம். சுருட்டுப் பிடித்தபடி காபரேற்றரைத் திறந்த பெரியவர்கள் எமது ஊர்களில் இருந்திருக்கிறார்கள்.

பெற்றோல் என்றதும் எம் தலைமுறையினருக்கு மண்ணெண்ணெய் மணம் நினைவுக்கு வராமற் போகாது. 1990ஆம் ஆண்டு குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் பற்றறிகளும் வருவது தடைப்பட்டது. தீவுப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து குடாநாட்டிலே வாழ்ந்த காலம் அது. அப்போது சிறுவராயிருந்த நாம், வாடகைக்கார்ச் சாரதிகள் செய்த வித்தையை வாய்பிளந்து பார்த்து நின்றிருக்கிறோம். சிறிய போத்தலிலே சில துளி பெற்றோல். அதைக் காபரேற்றரின் வாயிலே பீச்சுவார்கள். யந்திரம் உறுமி எழும். அது சூடேறிய பின்பு மண்ணெண்ணெயிலே ஓடும். வெண்புகை தெருவை மூடும், கண் எரியும். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குச் சென்ற வாகனங்களிற் பல அந்தப் புகையை விட்டபடிதான் சென்றன. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்புதான் பெற்றோல் தாராளமாக வந்தது. 2006இல் ஏ–9 வீதி மூடப்பட்டதும் மீண்டும் நெருக்கடி.

இந்த வித்தை ஏன் பழைய கார்களில் மாத்திரம் பலித்தது? மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த யந்திரத்திலே பற்றாது. மேலும், அமுக்கத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடிக்கும் இயல்பு அதற்கு அதிகம். 1954இல் வெளிவந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்கள் கலவையை ஏழு மடங்களவிலேயே அமுக்கின. பத்து மடங்கும் அதற்கு மேலும் அமுக்கும் இக்கால யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தமெழும், பிஸ்ரன் உடையும். இங்கிலாந்திலே 1940களிலும் 1950களிலும் பேர்குசன் ரக்ரர்கள் இதே முறையிலே, சிறு தாங்கியிலுள்ள பெற்றோலால் எழுந்து, பெரிய தாங்கியிலுள்ள மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயால் உழுதன. எமது சாரதிகள் எந்தப் புத்தகத்தையும் பாராமல் அதே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். நாகரிகத்திற் பின்தங்கியவை என்று பிறர் சிரித்த பழைய கார்கள் யாழ்ப்பாணத்திலே நிலைத்ததற்கு இந்தக் குறைந்த அமுக்கமும் ஒரு காரணம். கிடைக்காத பாகங்களைக் கடைச்சற் பட்டறைகளிலே உருவாக்கிக் கொடுத்த கைகள் மற்றக் காரணம்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழியே இறங்கி யந்திர எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும்! அளவுகோலைப் பார்த்து, எண்ணெய் குறையவில்லையென்று மகிழ்ந்தவர்கள் பலர் தமது பெயறிங்குகளை இழந்தார்கள். இன்றும் இது பயன்படும் பாடம். எண்ணெய் அளவுகோலை இழுத்ததும் மட்டத்தை மாத்திரம் பார்க்காமல் மணந்தும் பாருங்கள். பெற்றோல் மணத்தால் காபரேற்றர் வழிகிறது, அல்லது பெற்றோல் பம்பின் றப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கிறது. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. அந்தக் காரை ஓட்டவே கூடாது.

தண்ணீர் என்றதும் தீவாருக்கு ஒரு வார்த்தை. எமது கிணற்று நீர் எப்படிப்பட்டதென்று தேநீர் குடிக்கும் விருந்தாளியின் முகத்திலே தெரியும். சுண்ணாம்புக் கல்லின் மேலே மெல்லிய படையாகக் கிடக்கும் நன்னீரை நாம் இறைக்க இறைக்கக் கீழிருந்து உவர்நீர் எழுகிறது. அந்நீரை றேடியேற்றருக்கு ஊற்றினால், சுண்ணாம்பு குழாய்களிலே படிந்து கேத்தலின் அடிபோலாகும். உப்பு உலோகத்தைத் தின்னும். பற்றறிக்கு ஊற்றினால் அதன் தகடுகள் கெடும். பற்றறிக்கு வடித்த நீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். பழைய காரின் றேடியேற்றருக்கு, கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரும் குளிராக்கி நீர்மமும் கலந்து ஊற்றலாம். எமக்கேன் பனியுறையாமற் காக்கும் நீர்மம் என்று கேட்பவருண்டு. அது துருவையும் காக்கிறது என்பதே எமக்கு வேண்டியது.

சூடேறிய றேடியேற்றரின் மூடியை உடனே திறக்கவேண்டாம். இக்காலக் கார்களில் அது உள்ளே அமுக்கத்தை வைத்து, நீர் 120 பாகை சதமவளவு வரை கொதிக்காமற் பிடித்திருக்கிறது. மூடியை நீக்கியதும் அமுக்கம் போய், அந்நீர் முழுவதும் ஒரே கணத்தில் கொதித்து முகத்திலே பாயும். அரைமணி நேரம் காத்திருப்பதால் எந்தப் பிரயாணமும் கெட்டுவிடாது. காத்திருக்கும்போது விசிறிப் பட்டி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குச் சற்று மேலாக இறங்கலாம், அதற்குமேல் இறங்கினால் இறுக்கவேண்டும்.

புதிய கார்களைப் பற்றி அதிகம் எழுதவில்லையே என்று சிலர் குறைப்படலாம். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளதைக் காப்பாற்றுவதே பலரது கவலையாயிற்று. 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு செய்த நாட்களையும் மறக்கவில்லை. புதிய காரிலே டிஸ்ரிபியூட்டரும் காபரேற்றரும் இல்லை. கணினி ஒன்று யாவற்றையும் கவனித்து, பிழை கண்டால் மஞ்சள் விளக்கொன்றைப் போட்டுக் குறியெண்ணையும் பதிந்து வைக்கும். அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. குறியெண்ணை வாசிக்கும் சிறு கருவியைக் கைத்தொலைபேசியோடு இணைக்கலாம். ஆனால் அது சொல்வது நோயின் அறிகுறியை, நோயை அன்று. ஒட்சிசன் உணரியின் பெயர் வந்ததும் அதை வாங்கி மாற்றி, பின்பு தளர்ந்த வயர்த் தொடுப்பே காரணமென்று கண்டவரை நாம் அறிவோம். உப்புக் காற்றுக்குக் கணினியும் ஒன்று, காபரேற்றரும் ஒன்று. பிளக் வயரைக் கழற்றிப் பொறி பார்க்கும் பழைய பழக்கத்தைப் புதிய கார்களில் செய்யவேண்டாம், கணினி கெடும். பிறியஸ் போன்ற கலப்பின வண்டிகளில் செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே வேண்டாம். அதிலே 200 வோல்ற்றளவும் அதற்கு மேலும் ஓடுகிறது.

வீட்டிலே செய்யத்தகாதவையும் உண்டு. முதலாவது, ஜக்கிலே தூக்கிய காரின் கீழே படுப்பது. எமது மணலிலே ஜக் சாயும். அடியிலே தடித்த பலகை வைக்கவேண்டும். அதற்கும் மேலாக, நெடுந்தீவிலும் ஏனைய தீவுகளிலும் கைக்கெட்டும் முருகைக்கல்லை முட்டுக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வேலி கட்ட உகந்த கல் அது. பாரத்தின் கீழே சொல்லாமற் கொள்ளாமல் நொறுங்கும். பனங்குற்றியின் துண்டு எவ்வளவோ மேல். சக்கரம் மாற்றுவதென்றால், காரைத் தூக்குமுன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, எதிர்ச்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்துவிடுங்கள். ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்க மறக்காதவர்கள், மற்ற நாட்களில் கட்டை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பிரேக். மட்டத்தைப் பார்க்கலாம், கசிவைப் பார்க்கலாம். கழற்றுவது பழகிய கைக்குரியது. பிரேக் நீர்மம் குறைந்ததென்று யந்திர எண்ணெயை ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உள்ளேயுள்ள றப்பர்களை ஊதவைத்து, வேண்டிய வேளையில் கைவிட்டுவிடும். இதைப்பற்றி வேறொரு வாரம் தனியே எழுதவேண்டும்.

இடம் மிச்சமிருப்பதால் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குச் சென்றுவந்த அன்பர் ஒருவரின் கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறோம். குறிகட்டுவான் துறையிலே காரை நிறுத்திப் படகேறினாராம். விளக்கை அணைக்க மறந்துவிட்டார். மாலையிலே திரும்பியபோது பற்றறி இறங்கியிருந்தது. பத்துப் பேர் அரை மைல் தூரம் தள்ளியும் ஸ்ராட் வரவில்லையே, பழைய கார் என்றால் வந்திருக்குமே, ஏன் என்று கேட்கிறார். ஐயா, தங்களுடையது தானியங்கிக் கியர்ப்பெட்டி. பழைய காரிலே சக்கரம் சுழன்றால், இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் யந்திரமும் சுழலும். தங்கள் காரிலே சக்கரத்துக்கும் யந்திரத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய். அந்த எண்ணெயை அமுக்கும் பம்பை யந்திரமே சுழற்றவேண்டும். யந்திரம் நின்றபின் எவ்வளவு தள்ளினாலும் அது எழாது. வேறொரு பற்றறியிலிருந்து வயர் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு நோக்கிப் புறப்பட்டிருப்பீர்கள். தள்ளிய பத்துப் பேருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தீர்களென்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தமட்டிலே நீங்கள் செய்தது சரி.